மஞ்சள் வைத்த நட்டு

பேட்டையில் சங்கிலிபூதத்தான் ஷெட்டில் வண்டியை விட்டால், அதைத் திரும்ப எடுப்பதற்குள் வீட்டில் பிள்ளைக்குக் காதுகுத்தே முடிந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்குக்கு வாடகையா கொடுக்கிறார்கள்? அந்த மனுஷர் ஒரு நட்டை முறுக்கினால் அதோடு விட்டுவிட மாட்டார். கையைத் துடைப்பார், ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார், திரும்ப வந்து அதே நட்டில் ஸ்பானரைப் போட்டு இன்னொரு அழுத்து அழுத்துவார். அப்புறம் சின்னத் தூரிகையை மஞ்சள் பெயிண்டில் தொட்டு நட்டின் மேல் ஒரு புள்ளி வைப்பார். மஞ்சள் இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். மஞ்சள் இல்லாத நட்டோடு எந்த வண்டியும் அவர் வாசலைத் தாண்டாது.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வேன் வந்தது. முன்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பேசி முடித்தவர், இரண்டு நட்டை விரலால் திருகிவிட்டதோடு மறந்து எழுந்துவிட்டார். வேன் நாங்குநேரியைத் தாண்டவில்லை. சக்கரம் கழன்று தனியாக முன்னால் ஓட, வேன் புளியமரத்தில் போய்ச் சாய்ந்தது. கடவுள் புண்ணியத்தில் உயிர் போகவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மட்டும் இடுப்பு எலும்பு போயிற்று, இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். பூதத்தான் மாசத்துக்கு ஒரு தடவை நாங்குநேரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். காப்பி குடிப்பார்கள், அவ்வளவுதான். வரும்போதும் போகும்போதும் அந்தக் கம்பு தரையில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் பூதத்தானின் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த வேனுக்குப் பிறகு கார்க்காரன் ஒருத்தன்கூட அவர் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆட்டோவும் பஞ்சரும்தான் பிழைப்பு. ஊர் வாய் லேசுப்பட்டதா? "பூதத்தான் கிட்டயா விட்ட? பொண்டாட்டி தாலிய ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டுட்டு எடுவே" என்று டீக்கடையில் பேசியது அவர் காதிலேயே விழுந்திருக்கிறது.

அந்த ஷெட்டுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்த வண்டியில் ஒரே ஒரு நட்டை மெக்கானிக் முறுக்கக்கூடாது. வண்டிக்காரர்தான் தன் கையால் முறுக்க வேண்டும். கைராசி என்பார்கள். பெரும்பாலும் நம்பர் பிளேட் நட்டைத்தான் விட்டுவைப்பார். அது கழன்று விழுந்தால்கூடக் குடி ஒன்றும் முழுகிவிடாது.

இப்படி இருக்கும்போதுதான் செந்தூர்பாண்டி அந்தக் காரைக் கொண்டுவந்தான். அவன் பூதத்தானின் மனைவி முத்துராணிக்கு உடன்பிறந்த தம்பி. கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். கல்லிடையிலிருந்து திருநெல்வேலிக்கு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவான், பெட்டியைத் திறந்தால் ஒரு அப்பளம்கூட உடைந்திருக்காது. வேகமாக ஓட்டுகிறவன் ஆயிரம் பேர் இருக்கிறான். அப்பளத்தோடு வேகமாக ஓட்டுகிறவன் இவன் ஒருத்தன்தான்.

"அத்தான், ஒரு கார் கொண்டாந்திருக்கேன். பாத்துட்டு ஏசக்கூடாது" என்றான்.

பார்த்ததும் பூதத்தான் ஏசத்தான் செய்தார். முதலாளியின் மகன் இருபது வருஷத்துக்கு முன்னால் மும்பையில் வாங்கியதாம். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, வெளியுடம்பு ஃபைபர், உள்ளே இரும்புச் சட்டம். மகன் வெளிநாடு போனபின் மாட்டுத் தொழுவத்தில் பன்னிரண்டு வருஷம் கிடந்திருக்கிறது. இன்ஜினுக்குப் பக்கத்தில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஒயர் ஒன்றுகூட மிச்சமில்லை. தொழுவத்தைக் காலி பண்ண வேண்டுமென்று முதலாளி, எடுத்துக்கொண்டு போடா என்று விட்டுவிட்டார்.

"இத வச்சு என்னலே செய்யப்போற? கோழி அடைக்கப்போறியா?"

"பந்தயம் ஓடப்போறேன் அத்தான். கங்கைகொண்டானுக்கு வடக்க, காத்தாடி எறக்கை அடுக்கி வச்சிருக்க பெரிய மைதானம் இருக்குல்லா, அங்கன வருஷத்துக்கு ஒருக்க ஒரு கிளப்பு நடத்துதாங்க. நம்மள மாதிரி ஆளுவளுக்குத்தான். ஒவ்வொரு வண்டியா விட்டு நேரம் பாப்பாங்க."

"வேற மெக்கானிக் எவனும் கெடைக்கலையாக்கும்?"

"வேற எவன்கிட்ட நான் உயிரக் குடுப்பேன்?"

பூதத்தான் உள்ளே போய்விட்டார். போன இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை முத்துராணி பார்த்தாள்.

எட்டு மாதம் ஞாயிறு ஞாயிறாக வேலை நடந்தது. இன்ஜினை இறக்கிப் பிரித்தார். பிரேக் குழாய்களை அறுத்து எறிந்துவிட்டுப் புதிது போட்டார். ஃபைபர் கீறல்களைத் துணியும் பசையும் வைத்து ஒட்டினார். கார் கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்க, உள்ளே தடித்த இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்டிப் பற்றவைத்தார். பந்தயக் காருக்கு எடை ஆகாது என்று கம்பளம், ரேடியோ, பக்கத்து இருக்கை, ஹாரன் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றையும் அரிசிக்கடைத் தராசில் நிறுத்தார்.

"இத்தனை கிலோ கொறைச்சாச்சு ராணி" என்று பெருமையாகச் சொன்னபோது, "மொதல்ல ஒங்க தொப்பையக் கொறைங்க, அதுவே பத்துக் கிலோ இருக்கும்" என்றாள் அவள்.

போட்டிக்கு முந்தின வாரம் செந்தூர்பாண்டி யாரிடமும் கேட்காமல் காரின் இரண்டு கதவிலும் பெரிசாக எழுதிக்கொண்டு வந்தான்: 'சங்கிலிபூதத்தான் ஷெட், பேட்டை'. ஒன்பது வருஷமாக ஊர் சொல்லிச் சிரித்த பேர். பூதத்தான் அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். இந்தக் கார் நல்லபடியாக ஓடிவிட்டால் ஊர் வாய் மூடும், ஓடாவிட்டால் ஷெட்டுச் சாவியை ஆற்றில் போட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

கடைசி நட்டு என்று வந்தபோதுதான் வினை பிறந்தது. பந்தயக் காருக்கு நம்பர் பிளேட் ஏது? எந்த நட்டை விட்டுவைப்பது என்று பூதத்தான் யோசித்தார். "என் உயிர் எதுல இருக்கோ, அந்த நட்டக் குடுங்க அத்தான்" என்று சிரித்தான் செந்தூர்பாண்டி. வேறு நேரமாக இருந்தால் போடா கோட்டிக்காரா என்று விரட்டியிருப்பார். மச்சினன் மேல் இருந்த பிரியம் கண்ணை மறைத்தது. இடதுபக்க முன்சக்கரத்துக்கு உள்ளே, ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு பிணைக்கிற நட்டைக் காட்டினார். அது கழன்றால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். அதை விரலால் மட்டும் திருகி, மஞ்சள் வைக்காமல், சக்கரத்தையும் மாட்டாமல் அவனுக்காக விட்டுவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை போட்டுவிட்டுக் காரை லாரியில் ஏற்ற வேண்டும். ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்ன செந்தூர்பாண்டியைக் காணோம். சேரன்மகாதேவியில் ரயில்வே கேட் அடைத்துவிட்டதாம். முத்துராணி விடிவதற்கு முன்பே எழுந்து சந்தனம் அரைத்திருந்தாள். தம்பியின் உயிரல்லவா? ஸ்டீயரிங்குக்கு வைத்தாள், இன்ஜினுக்கு வைத்தாள், பெட்டிக்குள் கிடந்த ஸ்பானர்களையும் விடவில்லை, உட்கார்ந்து குனிந்து கைக்கு எட்டிய இடத்துக்கெல்லாம் வைத்தாள். பூதத்தான் வாசலில் காரை ஏற்றிச்செல்லும் லாரிக்காரனோடு சங்கிலி எங்கே கட்டுவது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பத்து இருபதுக்குச் செந்தூர்பாண்டி மூச்சிரைக்க வந்தான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேரே முன்சக்கரத்துப் பக்கம் போனான். அப்போதே முத்துராணி சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்திரும்! வண்டிய வெளிய எடுக்கப்போறியளா, இல்ல நான் வந்து தள்ளட்டுமா?"

பூதத்தான் ஓடிவந்து பார்த்தார். செந்தூர்பாண்டி கையில் ஸ்பானரோடு நின்றான். உள்ளே டார்ச் அடித்தார். எல்லா நட்டிலும் மஞ்சள். அவனே முறுக்கிவிட்டு அவனே பெயிண்டும் வைத்துவிட்டான், பரவாயில்லையே என்று நினைத்தார். சக்கரத்தை மாட்டினார். ஒன்பது வருஷமாக எதையும் இரண்டு தடவை பார்த்தவர், அன்றைக்கு ஒரு தடவைதான் பார்த்தார்.

சனிக்கிழமை காலை மைதானத்தில் நல்ல வெயில். காற்றாலை இறக்கைகள் ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளத்துக்கு இரும்புத் தாங்கிகளில் படுத்துக்கிடந்தன. அவற்றைச் சுற்றிய தார்ச்சாலையில் சிவப்புக் கூம்புகளை வைத்துப் பாதை போட்டிருந்தார்கள். கோடி முனையில் நேரான பாதை முடிந்து இடதுபக்கம் மடக்கித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நேரே இரும்புத் தாங்கிதான்.

கிளப்பின் ஆட்கள் காரைச் சோதித்தார்கள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள், கூண்டைத் தட்டிப் பார்த்தார்கள், தீயணைப்பானின் தேதியைப் படித்தார்கள். "யாரு செஞ்சது? சுத்தமா இருக்கே" என்றார் ஒருவர். பூதத்தான் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். புகழ்ச்சி கேட்டுப் பழகாத ஆள், வேறு எங்கே பார்ப்பார்?

பழக்க ஓட்டம் மெதுவாக முடிந்தது. அடுத்து நேரம் பார்க்கும் ஓட்டம். செந்தூர்பாண்டி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிவிடக் குனிந்த பூதத்தானிடம் சொன்னான்.

"எல்லாம் சரி அத்தான். ஆனா அந்தக் கடைசி நட்ட எனக்குன்னு சொல்லிட்டு நீங்களே முறுக்கிட்டியளே. லேட்டா வந்தவனுக்கு அதான் தண்டனைன்னு விட்டுட்டேன்."

ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கினான். இன்ஜின் உறுமியது. கார் புறப்படும் கோட்டை நோக்கி நகர்ந்தது.

பூதத்தான் நின்ற இடத்திலேயே நின்றார். நானா? நான் முறுக்கவில்லையே. அவன் முறுக்கவில்லை என்றால் மஞ்சள் எப்படி வந்தது? மஞ்சள் இருந்தது, கண்ணால் பார்த்தேனே. ஒருவேளை நானே முறுக்கிவிட்டு மறந்துவிட்டேனோ? பெயிண்ட் டப்பாவைத் திறந்திருக்கிறேனா என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று, கூடக் கொண்டுவந்த ஸ்பானர் பெட்டியைத் திறந்து கிளறினார். பெயிண்ட் டப்பா புதன்கிழமை மூடியபடி இறுகிப்போய் இருந்தது. பக்கத்தில் கிடந்த பதினேழாம் நம்பர் ஸ்பானரின் தலையில் ஒரு மஞ்சள் புள்ளி. கட்டைவிரல் பட்டதும் அது பொருக்காக உதிர்ந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம்.

அப்படியானால் அந்த நட்டில் பார்த்த மஞ்சளும் ராணி வைத்த சந்தனமா?

ஓடினார். ஐம்பதை நெருங்குகிற, தொப்பை வைத்த மனுஷர் எப்படி ஓடுவாரோ அப்படி ஓடினார். புறப்படும் கோட்டில் கொடியோடு நின்றது சங்கரி என்கிற பெண். கிளப்பில் அவள் சொல்தான் சட்டம். பூதத்தான் அவளிடம் போய்ச் சேரும்போது பச்சைக்கொடி இறங்கிவிட்டது. கார் அம்பாகப் பாய்ந்துவிட்டது.

"நிறுத்தும்மா! நிறுத்துங்க! அந்த வண்டிய நிறுத்துங்க!"

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"ஸ்டீயரிங் நட்டு முறுக்கல. நான்தான் விட்டுட்டேன்."

சங்கரி வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோய்விட்டு ஒரு கணம் நின்றாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களே பழுதுன்னு நிறுத்தச் சொன்னா வண்டி போட்டியில இல்ல. அடுத்த வருஷம்தான். முறுக்கலன்னு நிச்சயமா தெரியுமா?"

நிச்சயமா? அந்த ஒரு சொல்லில் பூதத்தானின் எட்டு மாதமும் தொங்கியது. நட்டு இறுகியிருந்தால்? ராணியின் சந்தனத்துக்கு அடியில் தானே முறுக்கிய நட்டு பத்திரமாக இருந்தால்? கதவில் பேரை எழுதிவைத்துக்கொண்டு தானே காரை நிறுத்திய கோட்டிக்காரன் என்று ஊர் சிரிக்கும். செந்தூர்பாண்டி சாகும்வரை முகம் பார்த்துப் பேசமாட்டான். தூரத்தில் கார் முதல் வளைவை நறுக்கென்று திரும்பியது. எவ்வளவு அழகாகத் திரும்பியது! டொக் டொக்கென்று அந்தக் கம்புச் சத்தம் காதுக்குள் கேட்டது.

"முறுக்குனேன்னு நிச்சயமில்லம்மா. அது போதாதா?"

சங்கரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "எல்லா வளைவும் சிவப்பு, சிவப்பு!" என்று வாக்கி டாக்கியில் கத்தினாள்.

பூதத்தானுக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. சிவப்புக் கொடியைப் பார்த்தால் பிரேக்கை மிதிப்பான். ஓங்கி மிதித்தால்தான் அந்த இணைப்பில் அடி விழும். கார் நேர்பாதையில் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. "பைய மிதிலே, பைய மிதி, என் சாமியில்லா" என்று வாய் தானாகப் பிதற்றியது. கோடியில் சிவப்பு ஆடுவது தெரிந்தது. காரின் மூக்கு ஒருமுறை வலதுபக்கம் வெட்டியது. பிறகு இடது. புழுதி கிளம்பி எல்லாவற்றையும் மறைத்தது.

மோதிய சத்தம் வருமா என்று காத்திருந்தார். அது வரவில்லை. புழுதி அடங்கியபோது, கார் கூம்புகளை இடித்துத் தள்ளிவிட்டு, இரும்புத் தாங்கிக்கு ஒரு ஆள் நீள இடைவெளி விட்டுக் குறுக்காக நின்றிருந்தது. அப்பளம் உடையாமல் ஓட்டிப் பழகிய கால். அந்தக் கால்தான் அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது.

பூதத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் செந்தூர்பாண்டி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டான்.

"எந்த எளவெடுத்தவன் கொடி காட்டச் சொன்னது? நல்லா போய்க்கிட்டு இருந்தேன்!"

"நான்தாம்லே."

"நீங்களா? ஒங்களுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? எட்டு மாசம் அத்தான்! பயந்துட்டியளா? வேன் நெனப்பு வந்திட்டா? ஒங்க பயத்துக்கு என் பொழப்பா கெடைச்சுது?"

வேனைப் பற்றி அவன் ஒருநாளும் பேசினதில்லை. பூதத்தானுக்கு அது ஈட்டி மாதிரி இறங்கியது. ஜாக்கியை வைத்துக் காரைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றினார். ஒரு நட்டு உருண்டு ஓடியது, சங்கரி அதை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே மற்ற நட்டுகளில் மஞ்சள் அப்படியே இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் சந்தனம் பாதி உதிர்ந்து, மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பூதத்தான் ஸ்பானரைக் கையில்கூட எடுக்கவில்லை. இரண்டு விரலால் நட்டைத் தொட்டார். ஒரு சுற்றுச் சுற்றினார். நட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

செந்தூர்பாண்டி அந்த நட்டைப் பார்த்தான். பிறகு திரும்பி, ஒரு ஆள் நீளத்துக்கு அப்பால் நின்ற இரும்புத் தாங்கியைப் பார்த்தான். கழற்றிவைத்த சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சட்டம் சட்டம்தான் அண்ணாச்சி, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் சங்கரி. கையிலிருந்த பட்டியலில் செந்தூர்பாண்டியின் பேரை அடித்தாள். போகும்போது நின்று, "எங்க கிளப்பு வண்டிய நான் இனிமே ஒங்ககிட்டதான் விடுவேன்" என்றாள். அது பூதத்தானின் காதில் ஏறவே இல்லை.

போன் அடித்தது. முத்துராணி. செந்தூர்பாண்டியும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"என்னங்க, ஓடிட்டானா எந் தம்பி?"

"ஓடல ராணி. முன்சக்கரத்துக்குள்ள ஒரு நட்டு கழண்டுட்டு. நான் முறுக்காம விட்டுட்டேன். பாதியில நிறுத்தியாச்சு. அவன் நல்லாருக்கான், பக்கத்துலதான் இருக்கான்."

அழுகையும் நடுக்கமுமாக அவள் குரல் வந்தது.

"எந்த நட்டுங்க? எடது பக்கம், உள்ளுக்குள்ள, ஒண்ணு மட்டும் மொட்டையா நின்னுச்சே, அதா? மத்ததுக்கெல்லாம் நீங்க மஞ்சள் வச்சிருந்திய, அது மட்டும் பாவமா நின்னுச்சு. மனசு கேக்கல. கைய உள்ள விட்டு நான்தான் அதுக்கு ஒரு பொட்டு சந்தனம் வச்சேன். பாத்தியளா? எங்க இசக்கியம்மன் கைவிடல! அந்தப் பொட்டுதான் எந் தம்பி உயிரத் தாங்கிப் புடிச்சிருக்கு!"

செந்தூர்பாண்டி வாயைத் திறந்தான். பூதத்தான் அவன் தோளை அழுத்திப் பிடித்தார். இன்னொரு கையில் அந்த நட்டு இருந்தது.

"ஆமா ராணி" என்றார். "ஒன் பொட்டுதான்."

"நான் சொன்னா ஒரு நாளாவது கேட்டிருக்கியளா?" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வைத்தாள்.

செந்தூர்பாண்டி எழுந்து பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து, தலையில் மிச்சமிருந்த சந்தனத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, பூதத்தானிடம் நீட்டினான். "நீங்களே முறுக்குங்க அத்தான்" என்றான். பூதத்தான் முறுக்கினார். கையைத் துடைத்தார், ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், திரும்ப வந்து இன்னொரு அழுத்து அழுத்தினார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பெயிண்ட் கடைக்குப் போய் ஒரு நீல டப்பா வாங்கிவந்தார். எதற்குத் திடீரென்று நீலம் என்று முத்துராணி கேட்டாள். மஞ்சள் கடையில் இல்லையாம் என்றார்.